பரிசோதனை யார் கையில்? பொறுப்பு யார் தலையில்?

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஏழைக்கு வைத்தியம் டாக்டர் கையில் தொடங்குவதில்லை. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பவர், மூத்திரத்தைச் சோதிப்பவர், க்ஷயரோகச் சோதனைக்கு ஊசி போட்டு மூன்றாம் நாள் தடிப்பை அளப்பவர் - இவர்கள் கையில்தான் அது தொடங்குகிறது. இவர்கள் எழுதி வைக்கும் எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுகிறார். எண் பிழையானால் மருந்தும் பிழையாகும். மருந்து பிழையானால் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் இந்தப் பரிசோதனைகளை யார் செய்யலாம், யார் செய்யக் கூடாது? அதைக் கற்றுக் கொடுப்பது யார் செலவு? தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு? அமெரிக்க நாட்டில் ‘லைசென்ஸ் பெற்ற பிராக்டிகல் நர்ஸ்’ என்ற உழைப்பாளியை நடுவில் நிறுத்தி இந்த வழக்கு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது.

கடல் கடந்த நாட்டு நர்ஸுகளின் சங்கதி பஞ்சாலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். பயிற்சி கொடுக்காமல் வேலையை ஏற்றுவது, கூலியை உயர்த்தாமல் பொறுப்பை உயர்த்துவது, விபத்து நடந்தால் கடைசிப் படியில் நிற்பவரைப் பிடிப்பது - இவையெல்லாம் நமக்குப் புதிதா? பிட்டர் செய்ய வேண்டிய வேலையை ஹெல்பர் தலையில் கட்டுகிற ஆலையையும், முகமூடிகூடக் கொடுக்காமல் பூச்சிமருந்துத் தெளிப்பானை முதுகில் மாட்டிவிடுகிற பண்ணையையும் நாம் பார்க்கவில்லையா? அதே சூத்திரம் வெள்ளைச் சீருடைக்குள்ளும் புகுந்திருக்கிறது. அங்கே அதற்குப் பலியாகிறவர் ஊழியர் மட்டுமல்ல. படுக்கையில் கிடக்கும் நோயாளியுமே.

மூன்று படிகள்

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலை மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மேல்படியில் இருப்பவர் ‘ரிஜிஸ்டர்டு நர்ஸ்’. இவர் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை படித்தவர். நடுப்படியில் பிராக்டிகல் நர்ஸ். சுமார் ஓராண்டுப் பயிற்சி பெற்று, நாடு முழுவதற்கும் பொதுவான பரீட்சையில் தேறி, மாநில நர்ஸ் போர்டிடம் லைசென்ஸ் வாங்கியவர். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் இவரையே ‘வொகேஷனல் நர்ஸ்’ என்று அழைக்கிறார்கள். கீழ்ப்படியில் உதவியாட்கள். நோயாளியைக் குளிப்பாட்டுவதும், படுக்கை மாற்றுவதும், சோறு ஊட்டுவதும் இவர்கள் வேலை.

அந்நாட்டு சர்க்காரின் தொழிலாளர் புள்ளிவிவர இலாகா 2024 மே மாதத்திற்குக் கொடுத்த கணக்கைப் பாருங்கள். பிராக்டிகல் நர்ஸின் வருஷ ஊதியம் நடுமட்டத்தில் 62,340 டாலர். ரிஜிஸ்டர்டு நர்ஸின் ஊதியம் 93,600 டாலர். அதாவது நடுப்படிக்காரருக்கு மேல்படிக்காரரை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஒரு ஆளுக்கு ஓராண்டில் 31,260 டாலர் வித்தியாசம்! மேல்படி வேலையில் ஒரு பகுதியை நடுப்படிக்குத் தள்ளிவிட்டால், நடுப்படி வேலையில் ஒரு பகுதியைக் கீழ்ப்படிக்குத் தள்ளிவிட்டால், ஆஸ்பத்திரி முதலாளிக்கு எவ்வளவு மிச்சம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சட்டம் போட்ட கோடு

பிராக்டிகல் நர்ஸ் என்னென்ன செய்யலாம் என்பதை அந்தந்த மாநிலச் சட்டமும் நர்ஸ் போர்டும் வகுக்கின்றன. நரம்பில் மருந்து ஏற்றுவது, ரத்தம் ஏற்றுவது போன்றவற்றில் ஒரு மாநிலத்தில் அனுமதி உண்டு, இன்னொன்றில் இல்லை. பரீட்சை ஒன்றுதான், கோடு மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆனால் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒரு அடிப்படை விதி இருக்கிறது. நோயாளியைப் பற்றிய விவரங்களைச் சேகரிப்பது பிராக்டிகல் நர்ஸின் வேலை. அந்த விவரங்களைக் கொண்டு நிலைமையை மதிப்பிட்டு, பராமரிப்புத் திட்டம் வகுப்பது ரிஜிஸ்டர்டு நர்ஸின் வேலை. ஆஸ்பத்திரி நிர்வாகம் இந்தக் கோட்டைச் சுருக்கலாம். சட்டத்திற்கு மேல் நீட்டக் கூடாது.

காகிதத்தில் இது தெளிவாகத்தான் தெரிகிறது. நடைமுறையில் எப்படி என்பதற்கு நமக்கெல்லாம் பழக்கமான ஒரு சோதனையையே எடுத்துக்கொள்வோம். க்ஷயக் கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்று பார்க்கும் மான்டூ சோதனை அது. முன்கையில், தோலுக்கு அடியில் அல்ல, தோலுக்குள்ளேயே, ஒரு மில்லி லிட்டரில் பத்தில் ஒரு பங்கு மருந்தை ஏற்ற வேண்டும். 48 மணி நேரத்திற்குப் பின், 72 மணி நேரத்திற்குள், அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அது கணக்கில்லை. விரலால் தடவி, கெட்டியான தடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டு, கைக்குக் குறுக்காக மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். சிவப்பை அளந்தவர் நோயில்லாதவரை நோயாளியாக்குவார்.

அளந்தாகிவிட்டது, 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பொருள் என்ன? எச்.ஐ.வி. உள்ளவருக்கு 5 மில்லிமீட்டரே தொற்றுக்கு அடையாளம். வேறு ஆபத்துக் காரணம் எதுவும் இல்லாதவருக்கு 15 மில்லிமீட்டர் வரவேண்டும். ஒரே எண், இரண்டு தீர்ப்பு! அளப்பது விவரம் சேகரிப்பது; பொருள் சொல்வது மதிப்பிடுவது. இரவு ஷிப்டில் முப்பது பேரைப் பார்க்கிற ஒரு பெண்ணிடம், மேலே கேட்க ஆளே இல்லாத நேரத்தில், இந்த இரண்டும் எங்கே பிரிகின்றன என்று யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

கலிபோர்னியாச் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. க்ஷயக் கட்டுப்பாட்டு வேலையின் பகுதியாக, டாக்டரின் வழிகாட்டலில், வொகேஷனல் நர்ஸ் இந்தத் தோல் சோதனையைச் செய்யலாம். தடுப்பூசியும் போடலாம். ஆனால் ஊசி யாருக்குப் போடலாம், யாருக்குக் கூடாது, போட்டபின் உயிருக்கு ஆபத்தான விளைவு கண்டால் என்ன செய்வது என்பவற்றில் அந்த நர்ஸ் தன் திறமையைக் காட்டியாக வேண்டும். அதை உறுதி செய்யும் கடமையைச் சட்டம் மேற்பார்வை டாக்டர் மீது சுமத்துகிறது. இது நியாயமான முறை. அனுமதியும் பயிற்சியும் மேற்பார்வையும் ஒன்றாக வருகின்றன. மூன்றில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்வதுதான் முதலாளித்துவ நிர்வாகத்தின் வேலை.

“மெஷினே சொல்லிவிடும்!”

“இப்போதெல்லாம் மெஷின் வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் எண் தானே வருகிறது. இதற்கு என்ன படிப்பு, என்ன லைசென்ஸ்?” என்று நிர்வாகிகள் கேட்கிறார்கள். ரிங் பிரேம் ஓட்டுகிறவரிடம் ஸ்பின்னிங் மாஸ்டர் சொல்கிற அதே பேச்சு!

மெஷின் பொய் சொல்லாது என்பது உண்மையா? பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால், விரலில் ஒட்டிய சர்க்கரை எண்ணைக் கூட்டிக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் நோயாளி மயங்கி விழுவார். இதைவிடக் கொடுமை ஒன்றும் உண்டு. 2003, 2004 ஆண்டுகளில் மிசிசிப்பி, வட கரோலினா, கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரம் ஆகிய இடங்களில், நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்த முதியவர்களுக்கு ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய் தொற்றியது. காரணம் என்னவென்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் ஆராய்ந்தது. ரத்தச் சர்க்கரைச் சோதனை செய்த முறையே காரணம் என்று கண்டது. விரல் குத்தும் கருவி முதலான சாமான்கள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயிருந்தன. மெஷின் சரியாகத்தான் எண் காட்டியிருக்கும். கற்றுக் கொடுக்காத கையும், போதாத சாமானும், ஓட்டம் பிடிக்கும் வேகமும் நோயைப் பரப்பிவிட்டன.

பீஸ் ரேட் கொன்ற பெண்கள்

வேகம் என்ற சொல்லை நம் தோழர்களுக்கு விளக்க வேண்டாம். பீஸ் ரேட்டின் கொடுமையை அறிந்தவர்கள் அடுத்த செய்தியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் இருக்கிறதா என்று அறிய, அங்கிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். விசேஷப் பயிற்சி பெற்ற தொழில்நுட்ப ஊழியர்கள் செய்யும் வேலை இது. 1987-ல் அமெரிக்க முதலாளிகளின் சொந்தப் பத்திரிகையான வால் ஸ்ட்ரீட் ஜர்னலே ஒரு உண்மையை வெளியிட்டது. பல லாபரட்டரிகள் இந்த ஊழியர்களுக்குத் தகட்டுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் கொடுத்து, பாதுகாப்பான அளவுக்கு மேல் பல மடங்கு தகடுகளை அவசர அவசரமாகப் பார்க்க வைத்தன. புற்றுநோய் இருந்த தகடுகள் “ஒன்றுமில்லை” என்று திரும்பிப் போயின. அந்தக் காகிதத்தை நம்பி வீட்டுக்குப் போன பெண்கள் செத்தார்கள்.

நாடு கொதித்தது. 1988-ல் லாபரட்டரிகளைக் கட்டுப்படுத்தப் புதிய சட்டம் வந்தது. அதன் விதிகளின்படி ஒரு ஊழியர் 24 மணி நேரத்தில் 100 தகடுகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. அதையும் எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக அடித்துத் தள்ளக் கூடாது.

இதில் பெரிய பாடம் இருக்கிறது. அந்தப் பெண்கள் செத்தது ஊழியருக்குப் படிப்பில்லாததால் அல்ல. படித்தவரையும் பயிற்சி பெற்றவரையும் வேகம் குருடாக்கிவிடும். ஆகவே, “யார் செய்யலாம்” என்று மட்டும் சட்டம் எழுதினால் போதாது. “ஒரு நாளில் எத்தனை செய்யலாம்” என்றும் எழுத வேண்டும். வேலைப்பளுவைப் பற்றிப் பேசாத லைசென்ஸ் பாதி லைசென்ஸ்.

சார்ல்ஸ்டன் காட்டிய வழி

இதற்கு மறுபக்கமும் உண்டு. திறமை இருந்தும் உரிமை மறுக்கப்படுவது அது. தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் நடந்ததைச் சொல்வோம்.

மேரி மௌல்ட்ரி என்ற கறுப்பினப் பெண் நியூயார்க் ஆஸ்பத்திரியில் பிராக்டிகல் நர்ஸாக வேலை பார்த்தவர். 1967-ல் சொந்த ஊரான சார்ல்ஸ்டனுக்குத் திரும்பி, மெடிகல் காலேஜ் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய தகுதியை நிர்வாகம் அங்கீகரிக்கவில்லை. உதவியாள் வேலைதான் கொடுத்தது. தகுதி தொலைந்தது, ஆனால் உழைப்பு குறையவில்லை. அதே ஆண்டுக் கடைசியில் கறுப்பின ஊழியர் ஐந்து பேரை, நோயாளிகளின் குறிப்புகளைப் பார்க்க விடாமலே வேலை செய்யச் சொன்னார் ஒரு வெள்ளைத் தலைமை நர்ஸ். என்ன நோய், என்ன மருந்து என்று தெரியாமல் நோயாளியைத் தொடுவது எப்படி? அவர்கள் வெளியேறினார்கள். அதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்த பின் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் குறிப்பேடு ஊழியரின் உரிமை; நோயாளியின் உயிர். இரண்டும் ஒன்றே என்று அந்த ஐந்து பேர் உலகத்துக்குச் சொன்னார்கள்.

ஊழியர்கள் சங்கம் கட்டினார்கள். மௌல்ட்ரி உள்பட 12 பேர் நீக்கப்பட்டார்கள். 1969 மார்ச் 20-ந் தேதி வேலை நிறுத்தம் வெடித்தது. சுமார் 400 பேர், அநேகமாக அனைவரும் கறுப்பினப் பெண்கள், வெளியே வந்தார்கள். அப்போது அவர்களில் பலருக்கு மணிக்கு 1.30 டாலர் கூலி. தேசத்தின் குறைந்தபட்சக் கூலியோ 1.60 டாலர். மாநில கவர்னர் துருப்புகளை அனுப்பினார். ஊரடங்கு போட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கோரெட்டா ஸ்காட் கிங் வந்து ஊர்வலத்தில் நடந்தார். ஜூன் 27-ல் உடன்பாடு ஏற்பட்டது. 12 பேருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. கூலி உயர்ந்தது. குறை தீர்க்க ஒரு முறை வகுக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. சங்கத்துக்கு மட்டும் அங்கீகாரம் கிடைக்கவில்லை. பாதி வெற்றிதான், ஆனால் கூட்டாக நின்றதால் வந்த வெற்றி.

இரண்டு தவறான பாதைகள்

இந்த விவகாரத்தில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று நிர்வாகத்தின் குரல்: “எல்லோரும் எல்லாம் செய்யட்டும்.” மற்றது மேல்படியில் உள்ளவர்களில் ஒரு பகுதியினரின் குரல்: “கீழே உள்ளவர்கள் எதையும் தொடக் கூடாது.” நாம் இரண்டையும் ஏற்கவில்லை.

முதலாவது குரலின் யோக்கியதையைச் சரித்திரம் காட்டுகிறது. கூலிக்கு நர்ஸ் வேலை செய்யும் எவரும் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும் என்று 1938-ல் முதன்முதலில் நியூயார்க் மாநிலம் சட்டம் செய்தது. ரிஜிஸ்டர்டு நர்ஸ், பிராக்டிகல் நர்ஸ் என்ற இரண்டு தரங்களை அந்தச் சட்டம் வகுத்தது. ஆனால் யுத்தம் வந்தது, நர்ஸுகள் போதவில்லை. சட்டத்தை முழுமையாக அமல் நடத்துவது 1949 வரை தள்ளிப் போயிற்று. ஆள் தேவை என்றால் கோட்டை அழிப்பது, தேவை தீர்ந்தால் கோட்டைக் காட்டி ஆளை விலக்குவது - கோடு போடும் அதிகாரம் உழைப்பவருக்கு இல்லாதவரை இதுதான் நடக்கும்.

இரண்டாவது குரல் தொழிலாளர் ஐக்கியத்துக்குக் கேடு. நடுப்படிப் பெண்ணை எதிரியாகப் பார்க்கும் மேல்படி நர்ஸ், நாளை தன் வேலையும் மலிவாக்கப்படும்போது தனியாக நிற்பார். படிகளுக்கு நடுவே சுவர் எழுப்பாதீர்கள். ஏணி வையுங்கள் என்கிறோம் நாம். ஓராண்டு படித்தவர் வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்கட்டும். அவர் கற்ற அனுபவம் கணக்கில் சேரட்டும்.

நம் வீட்டு வாசலில்

நம் நாட்டிலும் இதே படிகள்தான். நர்ஸுகளை இரண்டு தரமாகப் பயிற்றுவிக்க 1946-ல் போர் கமிட்டி சிபாரிசு செய்தது. இன்று சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் உள்ள துணை சுகாதார நிலையத்தில், கிராம சுகாதார நர்ஸ் கர்ப்பிணிக்கு ரத்தச் சோகை பார்க்கிறார், மூத்திரத்தில் புரதமும் சர்க்கரையும் பார்க்கிறார், பதிவேடுகளை எழுதுகிறார், தடுப்பூசி போடுகிறார். 2005-ல் வந்த ஆஷா ஊழியர்கள் பல மாநிலங்களில் மலேரியாச் சோதனையும் செய்கிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. செய்த வேலைக்கு ஏற்ப ஊக்கத்தொகை. 2021-ல் நம் மாநிலத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள்.

வயலுக்குப் போகிறவளின் குடிசைக்கே சோதனை வருவது நல்லது. நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் வேலை செய்கிறவரைத் “தன்னார்வலர்” என்று அழைப்பானேன்? வேலை நிஜம், ரத்தம் நிஜம், பொறுப்பு நிஜம். சம்பளம் மட்டும் ஏன் ‘ஊக்கத்தொகை’? திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்சக் கூலியும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று 2013-ல் கூடிய 45-வது இந்தியத் தொழிலாளர் மகாநாடே சிபாரிசு செய்தது. அதை முழுமையாக நிறைவேற்று என்பதே அந்தப் பெண்களின் சங்கங்கள் எழுப்பி வரும் கோரிக்கை. அது நமது கோரிக்கையும்கூட.

நாம் கேட்பது

ஒவ்வொரு நிலை ஊழியரும் எந்தெந்தப் பரிசோதனையைச் செய்யலாம் என்று தமிழில் எழுதி வார்டில் ஒட்ட வேண்டும். வாய்மொழி உத்தரவு கூடாது.

புதிய சோதனை எதுவானாலும், வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, நிர்வாகத்தின் செலவில் பயிற்சி கொடுக்க வேண்டும். பயிற்சிக்கு முன் அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

திறமை கூடினால் கூலியும் கூட வேண்டும்.

ஒரு ஊழியருக்கு இத்தனை நோயாளி, ஒரு ஷிப்டில் இத்தனை சோதனை என்ற உச்சவரம்பு வேண்டும். ரத்தத்திலும் புற்றுநோயிலும் பீஸ் ரேட் கூடாது.

தெரியாத வேலையை, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில், நோயாளிக்கு ஆபத்து என்று கருதும் வேலையைப் பற்றி நல்லெண்ணத்தோடு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் நர்ஸின் லைசென்ஸுக்கும் வேலைக்கும் சட்டம் பாதுகாப்பு தருகிறது. வொகேஷனல் நர்ஸுக்கும் அது உண்டு. முதலாளித்துவ நாட்டிலேயே இது முடியும்போது இங்கே ஏன் முடியாது?

ஆலைத் தொழிலாளத் தோழர்களே! உங்கள் கூலியில் நூற்றுக்கு முக்கால் பங்கு இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கப்படுகிறது, முதலாளி கட்டுவது நூற்றுக்கு மூன்றேகால். அந்த ஆஸ்பத்திரி உங்கள் பணத்தில் நடப்பது. உங்கள் ரத்தத்தை எடுப்பவருக்குப் பயிற்சி கொடுத்தார்களா, அவர் இன்று எத்தனை பேரைப் பார்த்தார், அவருக்கு நியாயமான கூலி உண்டா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விவசாயத் தொழிலாளத் தோழர்களே! துணை சுகாதார நிலையத்து நர்ஸும் வீடு தேடி வரும் பெண் ஊழியரும் உங்கள் வர்க்கத்துப் பெண்கள். சோதனையில் பிழை நேர்ந்தால் அந்தப் பெண் மீது பாய்வதற்கு முன், அவருக்குக் கையுறை கொடுத்தார்களா, கற்றுக் கொடுத்தார்களா என்று மேலே உள்ளவர்களைக் கேளுங்கள்.

அவர்கள் கோரிக்கை வைத்து வீதிக்கு வரும்போது, “நோயாளியை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்” என்று சர்க்காரும் முதலாளிப் பத்திரிகைகளும் கூக்குரலிடும். அந்தக் குரலுக்கு நோயாளிகளாகிய நாமே பதில் சொல்ல வேண்டும். ஆலைச் சங்கமும் விவசாயச் சங்கமும் அவர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பரிசோதனை அவர்கள் கையில் இருக்கட்டும். அதற்குரிய கல்வியும் கூலியும் உரிமையும் அவர்களுக்குக் கிடைக்கப் போராடும் பொறுப்பு நம் எல்லோர் தலையிலும் இருக்கிறது.